கெண்டைக்கு வாய்வழித் தடுப்பு மருந்து: லிப்போசோமா, ஆல்ஜினேட்டா?

கெண்டைக் குஞ்சுகளுக்குத் தீவனத்தோடு தரும் தடுப்பு மருந்தை எதில் பொதிவது என்ற கேள்வியில் நான் லிப்போசோம் (மருந்தை உள்ளே அடக்கும் நுண்ணிய கொழுப்புச் சவ்வுக் குமிழி) பக்கம் சாய்ந்தேன்.

பாதுகாப்பு என்று பார்த்தால் ஊசியை மிஞ்ச ஒன்றுமில்லை; சால்மன் வளர்ப்பு அதை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு மீனையும் பிடித்து, மயக்கி, குத்தியாக வேண்டும். எண்ணெய் கலந்த மருந்தால் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சின்னக் குஞ்சுகளுக்கு இது சரிப்படாது.

ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) மலிவு. கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டால் மணியாகிவிடும். இரைப்பை அமிலத்தைத் தாங்கிக் குடலில் கரைவதுதான் அதன் பெரிய பலம். கெண்டைக்கோ இரைப்பையே கிடையாது! அந்தப் பலத்துக்கு இங்கே வேலையில்லை.

கெண்டையின் குடலில் மருந்தைச் சிதைப்பவை செரிமான நொதிகள். அவற்றிடமிருந்து மருந்தை லிப்போசோமின் சவ்வு காக்கும்; ஆனால் அந்தச் சவ்வைக் குலைப்பது பித்தநீர். நிறைவுற்ற பாஸ்போலிப்பிடோடு (சவ்வைக் கட்டும் கொழுப்பு) கொலஸ்ட்ராலும் சேர்த்தால் சவ்வு இறுகி, பித்தநீரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். கெண்டையைத் தாக்கும் கொய் ஹெர்பஸ் வைரஸுக்கு எதிரான மருந்தை லிப்போசோமில் வைத்து வாய்வழியே கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வு 2006-லேயே வெளிவந்திருக்கிறது.

சரி, என்னை நெடுநாள் தயங்க வைத்தது சேமிப்பு. லிப்போசோம் பால் போன்ற நீர்மம். அதை அப்படியே உறைய வைத்தால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும். உருகிய பிறகும் அது பால் போலவே இருப்பதால் கண்ணுக்குக் கெட்டது தெரியாது. அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு ஆன்டிஜென் (மருந்தில் நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) இருக்கிறது என்று அளந்தால்தான் கசிவு பிடிபடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் நாளாக நாளாகக் கசியும். நிறைவுறாத கொழுப்பாக இருந்தால் காற்று பட்டுக் கெட்டும் போகும். டிரெஹலோஸ் சர்க்கரை சேர்த்து உறையவைத்து உலர்த்தினால் சிக்கல் பெருமளவு தீரும். அந்தச் சர்க்கரை, நீர் போன இடத்தில் நின்று சவ்வைக் காக்கிறது. பொடியில் நீர் ஊற்றும்போது கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்கும் சேர்த்து அளவைக் கணக்கிட வேண்டும். அப்புறம், சூடாக அழுத்தித் தயாரிக்கும் தீவனத்துக்குள் இதைக் கலக்கக் கூடாது. தீவனம் ஆறிய பிறகு மேலே பூசுவதே வழி. இவ்வளவு மெனக்கெட வேண்டுமே என்றால், ஆம், வேண்டும். ஆல்ஜினேட் மணிகளைக் காயவைத்து எடுத்து வைப்பது இதைவிடச் சுலபம்.

நான் பேசுவது தடுப்பு மருந்தைப் பற்றி மட்டுமே. நுண்ணுயிர்க்கொல்லிகளை லிப்போசோமில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. சால்மன், திலாப்பியா போல இரைப்பை உள்ள மீன்கள் என்றால் ஆல்ஜினேட்டை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கியிருக்க மாட்டேன்.