ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய 'அக்ரிலிக் மீடியம்' பாட்டிலை வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் அக்ரிலிக் வரைபவர்கள், முக்கியமாக வாட்ஸ்அப் குழுவில் பொருள் வாங்குபவர்கள், இதைப் படித்துவிடுங்கள். பெரிய கேனிலிருந்து அரை லிட்டர் பாட்டில்களில் பிரித்து ஊற்றி, 'அக்ரிலிக் மீடியம், எல்லாப் பெயிண்டுக்கும்' என்று வீட்டுப் பிரிண்டரில் அடித்த ஸ்டிக்கரை ஒட்டி ஒருவர் விற்கிறார். பாட்டில் 18 வெள்ளி. எந்தக் கம்பெனி, உள்ளே என்ன, எவ்வளவு கலக்கலாம் என்று ஒரு வரி கிடையாது. பெயிண்டை மெல்லிய பூச்சாக ஏற்றக் கலக்கும் திரவம்தான் மீடியம். நான் வாங்கிய பாட்டிலில் இருந்தது மீடியமே இல்லை.

அண்ணன் மகள் பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிபோனாள். அவள் வீட்டு ஹாலுக்கு 60க்கு 90 சென்டிமீட்டர் கேன்வாஸில் ஒரு மயில் வரைந்தேன். கழுத்தின் நீலம் பச்சையாக மாறும் இடம்தான் மயிலுக்கு உயிர். அதற்குப் பெயிண்டை மீடியத்தில் கரைத்து, கண்ணாடி போல மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். மீடியம் நிறையச் செலவாகும் வேலை. அதனால் வாங்கும்போதே கேட்டேன், "தம்பி, பெயிண்டோட எவ்வளவு கலக்கலாம்?" அவர் அனுப்பிய பதில் இன்னும் போனில் இருக்கிறது: "பாதிக்குப் பாதி கலக்குங்க அக்கா, அதுக்கு மேலயும் போகலாம். மீடியத்துக்கு அளவே கிடையாது."

அந்தப் பதிலில் தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். உண்மையான மீடியமாக இருந்தால் அப்படித்தான் கலக்கலாம். அக்ரிலிக் பெயிண்டில் இருப்பது நிறமி, நீர், நீரில் மிதக்கும் நுண்ணிய அக்ரிலிக் பாலிமர் துகள்கள். அந்தத் துகள்கள்தான் ஒட்டுப்பொருள். நீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். மீடியம் என்பது ஏறக்குறைய நிறமி இல்லாத அதே பெயிண்ட். எவ்வளவு சேர்த்தாலும் படலம் உருவாகும், நிறம் மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

பெயிண்டின் குணத்தை மாற்றக் கொஞ்சமாகச் சேர்க்கும் அடிட்டிவ் வேறு சாதி. ரிடார்டர், ஃப்ளோ இம்ப்ரூவர் இரண்டிலும் ஒட்டுப்பொருள் கிடையாது. ரிடார்டர் பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும். நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஃபேன் சுற்றும் வீவக அறையில் தட்டில் வைத்த பெயிண்ட் காய்ந்துவிடாமல் இருக்க நானே சில சொட்டு சேர்ப்பேன். ஆனால் கம்பெனியைப் பொறுத்து 15 சதவீதம், 25 சதவீதம் என்று உச்ச அளவு போட்டிருப்பார்கள். தாண்டினால் படலம் கெட்டிப்படாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். பெயிண்டைச் சுலபமாக ஓட வைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் இன்னும் கறார். நேரடியாக ஊற்றவே கூடாது, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீராவது சேர்த்துக் கரைக்கச் சொல்வார்கள் சிலர்.

அவர் பாட்டிலைக் கலந்து மயிலைப் பூசிய அன்று மாலை அவ்வளவு அழகு. தூரிகைத் தடமே தெரியாமல் நிறம் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் தொட்டால் விரல் ஒட்டியது. அடுத்த வாரமும் ஒட்டியது. ஃபேன் தூசியெல்லாம் மயில் மேல். சரி, மேலாகவாவது காய்ந்திருக்கும் என்று பபிள்ராப் சுற்றி கிராப் காரில் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தால் கழுத்து முழுக்க வட்ட வட்டமாக அச்சு! அன்று பொங்கோலிலிருந்து தேக்காவுக்கு ஓடி ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தேன்.

விற்றவரிடம் கேட்டால், "சிங்கப்பூர் ஈரம் அக்கா, ஏர்கான் போட்டு வைங்க." இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் என்பது எனக்கும் தெரியும். அதே அறையில், அதே பெயிண்டில், வேறு கம்பெனி மீடியம் கலந்து வரைந்தவை எல்லாம் எப்படிக் காய்ந்தன? அப்புறம் "மேலே வார்னிஷ் அடிச்சா சரியாயிடும்" என்றார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். காயாத பூச்சின் மேல் வார்னிஷ் போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், மேலே மங்கல் வேறு விழும். அதற்குப் பிறகு நீல டிக் மட்டும் வந்தது. கடைசியில் பிளாக்.

சந்தேகம் தீர வழி சுலபம். வெறும் பிளாஸ்டிக் ஷீட்டில் அவருடைய திரவத்தில் ஒரு ஸ்பூன், பக்கத்தில் என்னிடமிருந்த பழைய மீடியத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றி வைத்தேன். பெயிண்ட் எதுவும் கலக்கவில்லை. மீடியம் ஈரத்தில் பால் வெள்ளையாக இருந்து, மறுநாள் தெளிந்த படலமாகி உரித்தெடுக்க வந்தது. அவருடையது ஊற்றும்போதே தண்ணீர் போலத் தெளிவு. ஒரு வாரம் கழித்தும் ஊற்றியபடியே கிடந்தது. ரிடார்டரா, வெறும் கிளிசரினா, என்னால் சொல்ல முடியாது. அதில் ஒட்டுப்பொருள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

குழுவில் சொன்னபோது இன்னொரு அக்கா தன் பாட்டிலைச் சோதித்தார். ஸ்டிக்கர் அதேதான், ஆனால் அவருடையது பால் போல இருந்தது, காய்ந்தும் விட்டது. காய்ந்த பட்டையை நீரில் ஊறப்போட்டால் குழகுழவென்று கரைந்துவிட்டதாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பசைதான் என்கிறார் அவர். ஒரே ஸ்டிக்கருக்குள் இரண்டு விதமான சரக்கு.

பணத்துக்கு வழி உண்டு. சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைபியூனலில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்பது தெரிய வேண்டும். எம்ஆர்டி வாசலில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்கு அங்கேதான் சிக்கல். நான் பேநவ்வில், அதாவது போன் வழியாக வங்கிப் பணம் அனுப்பியிருந்ததால் பெயராவது கிடைத்தது. பாட்டில் விலையோடு கேன்வாஸுக்கும் பெயிண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கப் போகிறேன்.

இது தெரிந்ததும் விற்றவர் வேறு எண்ணிலிருந்து வந்து, "18 வெள்ளி திருப்பித் தர்றேன், பேச்சை விடுங்க அக்கா" என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் அந்தப் பாட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மிச்சத்தை மூடி, ஸ்டிக்கரைக் கிழிக்காமல், அவர் அனுப்பிய மெசேஜையும் சேமித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.