கத்தலான் உறவுப்பெயர்கள்: ஜோடிப் பட்டியலா, குடும்ப மரமா?

ஸ்பெயினின் பார்சிலோனா பகுதியில் பேசப்படும் கத்தலான் மொழியின் உறவுப்பெயர்களை ஆண்பால், பெண்பால் ஜோடிகளாக மனப்பாடம் செய்வது வேகமான வழி. ஜெர்மா, ஜெர்மானா என்றால் சகோதரன், சகோதரி. ஆவி, ஆவியா என்றால் தாத்தா, பாட்டி. பெரும்பாலும் சொல்லின் முடிவு மட்டுமே மாறுவதால் ஒரே மாலையில் பாதிக் குடும்பம் வசப்பட்டுவிடும்.

குடும்ப மரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொருவரையும் முழு வாக்கியத்தில் சொல்லிப் பழகுவது மெதுவான வழி. ஆனாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். 'என் சகோதரன்' என்று சொல்ல 'எல் மெவு ஜெர்மா' என்றும், 'என் சகோதரி' என்று சொல்ல 'லா மேவா ஜெர்மானா' என்றும் வரும். முன்னால் நிற்கும் அந்த 'எல்', 'லா' (ஆங்கிலத்தின் 'the' போன்றவை, ஆண்பாலுக்கு ஒன்று, பெண்பாலுக்கு ஒன்று) இரண்டையும் வெறும் பட்டியல் கற்றுத்தராது. அப்பா, அம்மாவைக் குறிக்க 'மொன் பாரெ', 'மா மாரெ' என்ற சுருக்கமான பழைய வடிவமும் இன்னும் வழக்கில் இருக்கிறது, கேட்கவே அழகானது! அண்ணனா தம்பியா என்று பிரித்துச் சொல்ல, ஜெர்மாவுக்குப் பின்னால் 'கிரான்' (மூத்த) அல்லது 'பெதீத்' (இளைய) சேர்க்க வேண்டும். நம்மவர்கள் இதை முதலிலேயே தேடுவார்கள்.

ஊருக்கு ஊர் பொருளும் மாறுகிறது. பார்சிலோனாவில் பாத்ரீ, பாத்ரீனா என்பவர்கள் ஞானப்பெற்றோர். மயோர்க்கா தீவில் அதே சொற்களுக்குத் தாத்தா, பாட்டி என்று பொருள். எனவே எந்த ஊராரோடு பேசப் போகிறீர்களோ, அந்த ஊர் வழக்கிலேயே மரத்தை வரையுங்கள். தேர்வு நாளைக்கே என்றால் மட்டும் பட்டியலை எடுங்கள்.