இசைப் பத்திரிகை: சும்மா கொடுப்பதா, விலைக்கு விற்பதா?

மதுரையிலிருந்து இசைக்கென்றே தமிழில் ஒரு மாத இதழ் வரவேண்டும் என்று பேச்செடுத்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘சும்மா கொடுப்போம், விளம்பரத்தில் காசு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். அந்த வழியிலும் அதற்கு நேர் எதிர் வழியிலும் பிரிட்டனில் இரண்டு பத்திரிகைகள் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டன.

ஒன்று என்.எம்.இ. (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) என்ற இசை வார இதழ். 1952 நவம்பரில் அங்கே வேலை பார்த்த பெர்சி டிக்கின்ஸ் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது அதிகம் விற்கிறது என்று கேட்டு முதல் 12 இடங்களில் உள்ள பாட்டுகளைப் பட்டியலிட்டார். பிரிட்டனில் அப்படி வந்த முதல் பட்டியல் அது. தனக்குப் பிடித்த பாட்டு இந்த வாரம் ஏறியதா இறங்கியதா என்று பார்க்க வாசகர் வாங்கியாக வேண்டும், அந்த வாசகரைப் பிடிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தாக வேண்டும். அப்புறம் வாசகர் ஓட்டில் ஜெயித்தவர்களை வைத்துக் கச்சேரி. 1964-இல் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது. இணையம் வந்தபின் செய்தியும் பட்டியலும் ஓசியில் கிடைக்க, 2015-இல் விற்பனை 20,000-க்கும் கீழே போய்விட்டது. அந்த செப்டம்பரில் இலவசமாக்கி ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கொடுத்தார்கள், பிரதிகள் மறுபடி 3 லட்சத்தைத் தாண்டின. ஆனால் அச்சுக்கூலியும் கொண்டுசேர்க்கும் செலவும் மொத்தமாக விளம்பரத்தின் தலையில் விழுந்தன. 2018 மார்ச்சில் அச்சு வார இதழ் நின்றது.

இன்னொன்று மோஜோ. 1993-இல் தொடங்கிய மாத இதழ், பழைய ராக் இசையில் ஊறிய, கையில் கொஞ்சம் காசு உள்ள, நடுவயது தாண்டிய வாசகருக்கானது. செய்தியை முந்தித் தருவதில் அது போட்டி போடவே இல்லை. ஒரு கலைஞரைப் பற்றிப் பல பக்கக் கட்டுரை, அட்டையோடு ஒரு சிடி, வீட்டில் எடுத்துவைக்கத் தோன்றும் இதழ், அதற்கு நல்ல விலை. இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

நடுவில் கெர்ராங் (1981) என்ற ராக் இதழ் மாதிரி விருது, ரேடியோ, டிவி என்று பெயரை விரித்தவர்களும் உண்டு. அதற்குப் பெரிய முதல் வேண்டும், நமக்கு ஆகாது.

என் கட்சி மோஜோ கட்சி. மதுரையில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் தீபாவளி, பொங்கலை ஒட்டிக் குவியும். மற்ற மாதங்களில் இலவச இதழுக்கு யார் அச்சுக்கூலி கொடுப்பார்கள்? கடையில் போட்டாலோ ஏஜென்ட் கமிஷனும் விற்காமல் திரும்பி வரும் கட்டும் சேர்ந்து தின்றுவிடும். அதனால் முன்பணமாகச் சந்தா வாங்கி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடிப்பதுதான் சரி. சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைப் பற்றி இருபது பக்கம் ஆழமாக எழுதினால், அதைக் காசு கொடுத்து வாங்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது.

என்.எம்.இ.யிடமிருந்து, வாசகர் தேடி வாங்கும் ஒரு பட்டியல் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுற்றுவட்டார நையாண்டி மேளம், நாதஸ்வரக் குழுக்களின் விவரமும் போன் எண்ணும் அவர்கள் சம்மதத்தோடு மாதாமாதம் வரட்டும். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அந்தப் பக்கத்துக்காகவே சந்தா கட்டுவார்கள், குழுக்களும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் அதே பக்கத்தில் சின்ன விளம்பரம் கொடுப்பார்கள்.