சொந்த ஊருக்கு ஒரு விதிவிலக்கு: கல்லூரிக் குழுவொன்றின் மனு நடைமுறை பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவிலுள்ள சிறிய கலைக் கல்லூரி ஒன்றில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் நான், மூன்றாம் ஆண்டின் முதல் அரையாண்டை யாழ்ப்பாணத்தில் படிப்பதற்கு அனுமதி கேட்டு, அக்கல்லூரியின் வெளியிடக் கற்கைக் குழுவுக்கு இரண்டு முறை மனுச் செய்தேன். முதலாவது நிராகரிக்கப்பட்டது, இரண்டாவது நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டது. கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் எழுதுவதைப்போல ஒரு குழுவின் மனு நடைமுறைக்கும் மதிப்பீடு எழுதலாமா என்று கேட்கக்கூடும். நாம் கட்டும் கட்டணத்தில் அந்த அலுவலகத்தின் சம்பளமும் அடங்கியிருப்பதால், எழுதலாம் என்பதே என் எண்ணம். கல்லூரியின் பெயரை மட்டும் தவிர்த்துக்கொள்கிறேன்.

வெளியிடக் கற்கை என்பது, ஒரு மாணவர் தன் கல்லூரியை விட்டு ஓர் அரையாண்டோ ஓராண்டோ வேறிடத்தில் படித்து, அங்கே பெறும் கிரெடிற்றுகளை, அதாவது பாடத்துக்கான மதிப்பு அலகுகளை, தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்வது. இதற்கென ஒவ்வொரு கல்லூரியும் அங்கீகரித்த நிகழ்ச்சிகளின் பட்டியலொன்றை வைத்திருக்கும். என் கல்லூரியின் பட்டியலில் யாழ்ப்பாணம் இல்லை. அதைவிடப் பெரிய தடை, வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் சொந்த நாட்டில் வெளியிடக் கற்கை செய்ய முடியாது என்ற விதி. மாணவர் அறியாத ஒரு சமூகத்துக்குள் சென்று பழகவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பதால், அந்த விதியில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது அந்த விதியிலிருந்தான விலக்குத்தான்.

முதல் மனுவை மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது எழுதினேன். எழுதினேன் என்பதைவிட எழுதுவித்தேன் என்பது பொருந்தும். என் சித்தப்பா, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். மனு என்றால் எப்படியிருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "பிள்ளை, முதலிலை உன்ரை கஷ்டத்தைச் சொல்லு, பிறகு அவையின்ரை பெருந்தன்மையைச் சொல்லு, கடைசியிலை கேள்" என்றார். அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை, அப்பா இல்லாத வீடு, இரண்டு வருடமாக ஒரு நல்லூர்த் திருவிழாவையும் காணாதது எல்லாம் வரிசையாக ஏறின. ஆங்கிலத்தில் மாற்றியபோதும் "தங்கள் மேலான கருணையை வேண்டி நிற்கும்" என்ற தொனி போகவில்லை. மாசி முதல் வாரத்தில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து நான்கு வரிகளில் பதில் வந்தது. குடும்பச் சூழலுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அத்தகைய காரணங்களுக்குக் கல்வி விடுப்பு என்ற வேறு வழி இருப்பதாகவும், "இந்தக் கற்கை ஏன் அந்த இடத்திலும் அந்தக் காலத்திலும் மாத்திரமே சாத்தியம் என்பது மனுவில் காட்டப்படவில்லை" என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. அது மனுப் படிவத்தில் எங்குமே இல்லாதது அதன் மிகப்பெரிய குறை. படிவம் "விதிவிலக்குக் கோருவதற்கான காரணங்களை விளக்குக" என்று மட்டும் கேட்கிறது. காரணம் என்ற சொல்லைக் கண்டால் எங்கள் ஊரில் வளர்ந்த எவரும் துன்பத்தைத்தான் எழுதுவார்கள். குழுவோ காரணம் என்று கருதுவது பாடத்துக்குள் இருக்கும் தேவையை. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் படிவத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதமும் அவர்களுக்கு ஒரு கூட்டமும் மிஞ்சியிருக்கும்.

மறுபரிசீலனை கேட்டு அனுப்பிய இரண்டாவது மனுவில் அம்மாவின் முழங்கால் இல்லை, மழை இருந்தது. என் ஆய்வு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதித் தோட்டக் கிணறுகளில், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற் என்ற உப்பின் அளவைப் பற்றியது. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே மழையோடு உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் விரைவாகக் கீழே இறங்கிவிடுகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை; வெங்காயமும் புகையிலையும் நெருக்கமாகப் பயிராகும் இடங்களில் பல கிணறுகள் அதைத் தாண்டுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு கிணற்றை ஒருநாள் அளந்து அதன் குணத்தைச் சொல்லிவிட முடியாது. எங்கள் மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், வாடைக்காற்றோடு வருகிறது. மழைக்கு முன்னும் மழையின்போதும் அது ஓய்ந்த பின்னும் அதே கிணறுகளில் நீர் எடுத்தாலொழிய, உரம் எப்போது இறங்குகிறது என்பது தெரியவராது. "கோடை விடுமுறையில் இதைச் செய்யக்கூடாதா?" என்று குழு கேட்டது. ஜூன் முதல் ஓகஸ்ற் வரை இங்கே சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும்; கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போகும்; அளப்பதற்குப் புதிய நீர் எதுவும் உள்ளே வராது. இந்தப் பத்தியை எழுத எனக்கு ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது, ஆனால் அதுவே மனுவைத் தூக்கி நிறுத்தியது என்பதைப் பின்னர் என் ஆய்வு ஆலோசகரிடமிருந்து அறிந்தேன்.

சொந்த நாட்டு விதிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நான் பிறந்து வளர்ந்தது நகரத்துக்குள், தோட்டக்காரரின் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, எந்த வாரம் எவ்வளவு யூரியா போட்டீர்கள் என்று கேட்டு எழுதும் வேலை எனக்குப் பழக்கமில்லாத ஊருக்குள் போவதற்குச் சமம், தமிழ் தெரியாத ஒருவரால் அதை ஓர் அரையாண்டில் செய்யவும் முடியாது. இதைக் குழு ஏற்றுக்கொண்டது. அதே வேளை, இணைப்பாக நிரப்பவேண்டியிருந்த ஆபத்துப் படிவம், செல்லும் நாட்டின் மொழியை நான் எவ்வாறு கற்கப்போகிறேன் என்றும் பண்பாட்டு அதிர்ச்சியை எவ்வாறு சமாளிப்பேன் என்றும் கேட்டது. அவசர வேளைக்கான உள்ளூர்த் தொடர்பு என்ற இடத்தில் அம்மாவின் பெயரையும், தங்குமிடம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதினேன்.

ஆவண வேலை சலிப்பானது. என்னை வருகை மாணவியாக ஏற்க இணங்கிய இங்குள்ள நிறுவனத்தின் கடிதம், ஒவ்வொரு பாடத்துக்கும் வாராந்தத் தலைப்புகள், மதிப்பீட்டு முறை, விரிவுரை மணித்தியாலங்கள் எல்லாம் வேண்டும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிற் என்பது மாணவரின் சொந்தப் படிப்பையும் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அமெரிக்கக் கல்லூரிகள் முதலில் பார்ப்பது வகுப்பறை மணித்தியாலத்தை. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துக் காட்டாவிட்டால் பதிவாளர் அலுவலகம் குறைத்துத்தான் மதிப்பிடும். நான் காட்டியும் நான்கு பாடங்களில் மூன்றுக்கே கிரெடிற் கிடைத்தது.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைத் தனியாகப் பாராட்டவேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் மாணவர் படிப்பை விட்டு ஐந்து மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் செவிஸ் தரவுத்தளத்தில் உள்ள அவரது பதிவு முடிந்துவிடும். திரும்பிப் போகக் கல்லூரி வழங்கும் புதிய ஐ-20 தகுதிப் படிவமும் மீண்டும் 350 டொலர் கட்டணமும் தேவைப்படும். மே மாதம் புறப்பட்டு ஜனவரியில் திரும்பும் எனக்கு எட்டு மாதம். குழு பரிந்துரைத்த கல்வி விடுப்பை எடுத்திருந்தால் இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பேன். வெளியிடக் கற்கையாக அனுமதி பெற்று, என் கல்லூரியிலேயே முழுநேர மாணவியாகப் பதிவில் இருந்தால் பதிவு உயிரோடு இருக்கும் என்பதை அந்த அலுவலகத்தவர் இருபது நிமிடத்தில், இங்கே இரவு எட்டு மணிக்கு, ஸூமில் பொறுமையாக விளக்கினார். விடுப்பைப் பரிந்துரைத்த குழுவுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்றே படுகிறது.

பணத்தைப் பற்றிய பகுதிதான் மிக மோசம். கல்லூரி தன் முழுக் கட்டணத்தையும் வழமைபோல அறவிட்டு, அதிலிருந்து இங்குள்ள நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. என் உதவித்தொகையோ பட்டியலில் உள்ள நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். குழுவின் அனுமதி கிடைத்தால் உதவித்தொகையும் தானாக வரும் என்று நம்பியிருந்தேன். அது வேறு அலுவலகம், வேறு மனு, வேறு இறுதித் திகதி. அந்தத் திகதிக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போதே இதை யாரோ சொல்லக் கேட்டேன். ஒருவாறு கிடைத்தது, விமானச் செலவு நீங்கலாக.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மனுச் செய்ய நினைப்பவர்கள், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகை அலுவலகத்துக்கு முதல் நாளே எழுதுங்கள். சித்தப்பாவிடம் இரண்டாவது மனுவை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதிலை எங்கை பிள்ளை கேட்டிருக்கிறாய்?" என்றார்.