10,000 புள்ளிகளா, 10 லட்சமா? இரும்புப் பிளாஸ்மாவின் ஒளிபுகாமைக் கணக்கு

ஒரு பொருள் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதே ஒளிபுகாமை. அது ஒளித்துகளின் ஆற்றலுக்கேற்ப மாறும். அதைக் கணக்கிட ஆற்றல் அச்சில் எத்தனை புள்ளிகள் வைப்பது என்பதே கேள்வி: 10,000 (சிறிய கட்டம்) போதுமா, 10 லட்சம் (பெரிய கட்டம்) வேண்டுமா? சூரியனின் வெப்பச்சலன மண்டலத்து அடிவாரத்தில் வெப்பநிலை சுமார் 20 லட்சம் கெல்வின். அதாவது வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 180 எலெக்ட்ரான் வோல்ட். அதன் இருபது மடங்குவரை, 3,600 எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குச் சீரான கட்டம் போடுவதாகக் கொள்வோம்.

இடைவெளி: சிறியதில் 0.36 எலெக்ட்ரான் வோல்ட், பெரியதில் 0.0036.

சேமிப்பு: ஆயிரம் வெப்பநிலை-அடர்த்தி இணைகளுக்கு, எண்ணுக்கு 8 பைட் வீதம், சிறியதற்கு 80 மெகாபைட், பெரியதற்கு 8 கிகாபைட்.

ரோஸ்லண்ட் சராசரி: இங்குதான் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். விண்மீனுக்குள் கதிர்வீச்சு ஆற்றலைக் கடத்துவதைக் கணக்கிட உதவும் இது, ஒளிபுகாமையின் தலைகீழ் மதிப்புகளைக் கொண்டு எடுக்கும் சராசரி. நிறமாலை வரிகளின் (குறிப்பிட்ட ஆற்றல்களில் ஒளி வலுவாக உறிஞ்சப்படும் இடங்களின்) உச்சியைவிட, அவற்றுக்கு இடையே ஒளி எளிதில் கடக்கும் ஜன்னல்களே இதைத் தீர்மானிக்கின்றன. அடர்த்தி மிகுந்தால் ஸ்டார்க் விளைவு (அருகிலுள்ள மின்னூட்டத் துகள்களின் மின்புலத் தாக்கம்) வரிகளை அகலமாக்கும். அப்போது 10,000 புள்ளிகளே பெரும்பாலும் போதும்.

பிளாங்க் சராசரி: இது ஒளிபுகாமையின் நேரடிச் சராசரி. வலுவான வரிகளே இதில் முக்கியம். அடர்த்தி குறைந்து வரிகள் ஊசியாகிவிட்டால் சிறிய கட்டம் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடும்.

விண்மீன் உட்புற மாதிரிக்குச் சிறியதை எடுப்பேன், புள்ளிகளை இரட்டித்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு. ஆய்வக நிறமாலையோடு வரிக்கு வரி ஒப்பிடவும், கதிர்வீச்சு முடுக்கத்துக்கும் (ஒளி அணுக்களைத் தள்ளுவதன் கணக்குக்கும்) பெரியதே.