ஓட்டுக் கூரைக்கு அடியில் அலுமினிய பபிள் ஷீட்: பொருளும் பொருத்திய விதமும்

திருநெல்வேலியில் உள்ள எங்கள் மங்களூர் ஓட்டு வீட்டின் கூடத்திற்கு, ஓடுகளைப் பிரிக்காமல் உள்பக்கமாகவே, இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய பபிள் ஷீட்டை (காற்றுக் குமிழிகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பு) சென்ற ஆண்டு சித்திரையில் பொருத்தினோம். முன்பெல்லாம் உச்சிவேளைக்குப் பிறகு கூடத்தில் நின்றால் தலைக்கு மேல் அனல் இறங்கும். இப்போது அந்தக் காந்தல் இல்லை.

விற்பவர்கள் தடிமனைப் பற்றியே பேசுகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு பளபளப்புக்குத்தான். காய்ந்த ஓடு கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைத் தூய அலுமினியப் பரப்பு திருப்பி அனுப்பிவிடும் என்றாலும், இரண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். ஒட்டிக்கொண்டால் வெப்பம் நேராகக் கடந்து வந்துவிடும். வந்த பணியாளர்கள் ரீப்பரோடு (ஓடுகளைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டம்) சேர்த்து ஓட்டை ஒட்டியே திணிக்க முற்பட்டார்கள். ரீப்பர்களைத் தாங்கும் சாய்வான கைமரங்களின் அடிப்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால், கைமரத்தின் உயரமான 4 அங்குலமும் காற்றுக்குக் கிடைத்தது. மேல்பக்கம் நாளடைவில் தூசி படிந்து மங்கும். கீழ்ப்பக்கத்தில் தூசி தங்காது, பளபளப்பான பரப்பு வெப்பத்தை மிகக் குறைவாகவே உமிழும் என்பதால் அந்தப் பக்கம் தொடர்ந்து பயன் தரும். இருபுறத் தாள் உள்ள ரகத்தையே நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

முகட்டை ஒட்டி ஒரு சாண் அளவு மூடாமல் விடச் சொன்னோம். சூடான காற்று ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேற அது தேவை. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே சதுரமாக வெட்டி, விளிம்பை மேல்நோக்கி மடித்து ஒட்டிய வேலை மிக நேர்த்தியாக இருந்தது. கூடத்தின் வெளிச்சம் சிறிதும் குறையவில்லை.

இணைப்புகளில் ஒட்டிய டேப்தான் ஏமாற்றம். ஆடிக் காற்றில் பல இடங்களில் விட்டுப்போனது, அழைத்தும் ஷீட்டைப் பொருத்திய நிறுவனத்தார் வரவில்லை. உள்ளூர் தச்சரைக் கொண்டு இணைப்புகளின் மேல் மெல்லிய மரப்பட்டி அடித்த பிறகு அசையவே இல்லை. முதலிலேயே பட்டி கேட்டு வாங்குங்கள்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். கைமரத்தில் ஓடும் பழைய வயர்களை பைப்புக்குள் மாற்றாமல் ஆணி அடிக்க விடக் கூடாது. உடைந்த ஓடுகளையும் முன்பே மாற்றிவிட வேண்டும். பிறகு ஒழுகினால் நீர் ஷீட்டின் மேலேயே தேங்கி, மரம் உளுத்த பின்புதான் தெரியவரும். பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர் இரவில் விடும் சூட்டுக்கு இந்த ஷீட் மருந்தாகாது, மின்விசிறி வேண்டும். பகல் வெக்கைக்கு, செலவழித்த பணம் முழுவதும் தகும்.