பிஐஎஸ் குறியில் சிக்கிய எல்இடி சரக்கு: ஃபைனா, ரிட்டர்னா, அப்பீலா?

புரட்டாசியில் ஒரு சீரியல் லைட் கன்டெய்னர் வந்தது. மணலிப் பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரைப் பிரித்துச் சோதிக்கும் கிடங்கு) பிரித்தார்கள். அட்டைப்பெட்டியில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) குறி, ஆர் எழுத்து, எட்டு இலக்க எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. உள்ளே லைட்டில், பிளக்கை ஒட்டியிருந்த சின்ன டப்பாவில், வெறும் ‘சிஇ’ என்ற ஐரோப்பியக் குறி. சரக்கைச் சோதித்த சுங்க அதிகாரி (அப்ரைசர்) செல்போனில் பிஐஎஸ் கேர் ஆப்பைத் திறந்து எண்ணைப் போட்டார். தொழிற்சாலை பதிவு பெற்றதுதான். ஆனால் வேறொரு பிராண்டில், 9 வாட் பல்புக்கு. சரக்குக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணே, ஃபைன் எவ்வளவு வரும்?”

கிளியரிங் ஏஜென்டாக நான் முதலில் பார்ப்பது வேறு. பதிவு இருந்து குறி மட்டும் விட்டுப்போனதா, பதிவே இல்லையா? வழி அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

எல்இடி பல்பும், எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரும் 2014-இல் பிஐஎஸ் கட்டாயப் பதிவுப் பட்டியலில் ஏறின. சீரியல் லைட், ஃபிளட் லைட், தெருவிளக்கு, எமர்ஜென்சி லைட் 2017-இல். பதிவு வாங்க வேண்டியவர் வெளிநாட்டுத் தயாரிப்பாளர்தான், இறக்குமதி செய்பவர் அல்ல. இங்கே ஒரு பிரதிநிதியை வைத்து, சாம்பிளை பிஐஎஸ் அங்கீகரித்த லேபில் சோதித்து, தொழிற்சாலைக்கும் பிராண்டுக்குமாகச் சேர்த்து வாங்குவது அது. சிஇ, ஆர்ஓஹெச்எஸ் என்று வெளிநாட்டுக் குறிகளைப் பெட்டி முழுக்க அச்சடித்திருந்தாலும் இங்கே செல்லாது.

ஃபைன் கட்டி எடுக்கும் வழியைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். சுங்கச் சட்டம் 125-ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் விஷயம் இரண்டு சொல்லில் இருக்கிறது. தடை செய்யப்பட்ட சரக்கு என்றால், ஃபைன் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி ‘தரலாம்’. மற்ற சரக்கு என்றால் ‘தர வேண்டும்’. இந்த ‘லாம்’ மேல் எத்தனை வக்கீல் ஃபீஸ் போயிருக்கிறது! 2019 ஜனவரியில் அதுல் ஆட்டோமேஷன்ஸ் வழக்கில், பழைய ஜெராக்ஸ் மெஷின்களை ஃபைனோடு விடுவித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் நகலை இன்றும் ஃபைலில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதே வருடம் மே 7-ஆம் தேதி டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) நோட்டிஃபிகேஷன் வந்ததை அவர்கள் சொல்வதில்லை. பதிவில்லாத எலக்ட்ரானிக் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் சுங்கத்துறை அதை உடைத்து ஸ்கிராப்பாகப் போடும் என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. 2021-இல் ராஜ் குரோ இம்பெக்ஸ் பருப்பு வழக்கில், தடையை மீறி வந்த அந்தச் சரக்கை ஃபைன் வாங்கிக்கொண்டு உள்நாட்டில் விட முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதிவே இல்லாத சரக்குக்கு ஃபைனை நம்பி உட்காருவது, என் கணக்கில், சூதாட்டம்.

திருப்பி அனுப்புவது கசப்பான வழி. கப்பல் கூலி கைக்காசு. அதற்கும் ஃபைன், பெனால்டி என்று ஆர்டர் வருவதுண்டு. சீனாவில் குவாங்டாங்கில் விற்றவர், காசு கைக்கு வந்த பிறகு, “அனுப்பாதீர்கள், அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். மூன்றாம் நாட்டில் வாங்க ஆள் கிடைத்தால் தப்பித்தோம். ஆனால் செலவு எவ்வளவு என்று முதல் வாரமே தெரிந்துவிடும். மற்ற எந்த வழியிலும் அது தெரியாது.

அப்பீல் பார்வைக்கு மலிவு. ஆர்டர் கைக்கு வந்து 60 நாளுக்குள் கமிஷனர் அப்பீல்ஸிடம் போகலாம். டியூட்டி தகராறு இல்லாமல் பெனால்டி மட்டும் 2 லட்சம் என்றால், 7.5% கணக்கில் 15,000 ரூபாய் முன்பணம் போதும். அந்த 15,000-ஐப் பார்த்து மயங்கக் கூடாது. கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு ஷிப்பிங் லைன் போடும் டிடென்ஷன் கட்டணமும் சிஎஃப்எஸ் வாடகையும் ஞாயிற்றுக்கிழமைகூட நிற்பதில்லை. வழக்காடத்தான் போகிறோம் என்றால், சுங்கச் சட்டம் 49-ஆம் பிரிவில் அனுமதி கேட்டு, சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்றிக் கன்டெய்னரைக் காலி செய்து கொடுப்பதுதான் முதல் வேலை.

வழக்காடத் தகுந்த சரக்கும் உண்டு. டிரைவரோ எல்இடியோ இல்லாத வெறும் ஃபிட்டிங், ஹோல்டர் மட்டும் வைத்த சாண்ட்லியர் போன்றவை. ‘இது பட்டியலிலேயே இல்லை’ என்று கேட்லாக்கையும் சாம்பிளையும் மேசையில் வைத்துப் பேசலாம். பல நேரம் ஆர்டர் வரை போகாமலே, சுங்கத்துறை கேட்கும் குவெரிக்கு ஒழுங்காகப் பதில் எழுதினாலே முடிந்துவிடும்.

நடுவில் ஒரு யோசனை எப்போதும் வரும்: “கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே?” எம்ஆர்பி ஸ்டிக்கர், இறக்குமதி செய்தவர் முகவரி என்றால் பான்டட் கிடங்கில் (டியூட்டி கட்டும் முன் சரக்கை வைக்கும் சுங்கக் கிடங்கு) ஒட்டுவதற்கு வழி இருக்கிறது. பிஐஎஸ் குறி அந்த வகை அல்ல. பதிவு பெற்ற தயாரிப்பாளர் போட வேண்டியது. பதிவு சரியாக இருந்து குறி மட்டும் விட்டுப்போயிருந்தால் அதிகாரியிடம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். பதிவில்லாத சரக்கில் ஒட்டினால் 2016 பிஐஎஸ் சட்டத்தில் தனிக் குற்றம், சிறை வரை போகும்.

நம் சீரியல் லைட்காரர் முதல் வாரமே ரிட்டர்ன் என்றதைக் கேட்கவில்லை. ஃபைனுக்காக ஐந்து வாரம் நடந்தார். தீபாவளி போனது. கடைசியில் ரீ-எக்ஸ்போர்ட் ஆர்டர்தான் வந்தது, பெனால்டியோடு. கன்டெய்னர் கப்பலேறிய வாரம் பாரிமுனையில் கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.